ஆக்டேவ்: பெயரில் எட்டு, கணக்கில் இரண்டு

பாடகர்களைப் பற்றிய செய்திகளில் "நான்கு ஆக்டேவ் குரல்" என்று ஒரு வரி அடிக்கடி வரும். கச்சேரி விமர்சனம் என்றால் அது "மூன்று ஸ்தாயியிலும் சஞ்சரித்தார்" என்று மாறும். மின்கீபோர்டின் அட்டைப்பெட்டியில் "61 கட்டை, 5 ஆக்டேவ்" என்று அச்சிட்டிருப்பார்கள். சரி, ஆக்டேவ் என்றால் என்ன என்று தேடிப் போனால், லத்தீனில் "எட்டாவது" என்று பொருள் என்பார்கள். ஆனால் ஸ்வரம் ஏழுதானே? ஹார்மோனியத்தில் எண்ணிப் பார்த்தால் கறுப்பும் வெள்ளையுமாகப் பன்னிரண்டு வருகிறதே? ஐந்து ஆக்டேவுக்கு 60 வராமல் 61 எப்படி வந்தது?

இவ்வளவு குழப்பத்துக்கும் பெயர்தான் காரணம். எட்டு, ஏழு, பன்னிரண்டு எல்லாமே ஆக்டேவுக்கு உள்ளே படிகளை எப்படிப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து வருகிற எண்கள். படிகளை வேறு மாதிரிப் போட்டால் அவையும் மாறிவிடும். ஆக்டேவுக்கே சொந்தமான எண் ஒன்றுதான்: இரண்டு. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக அவிழும்.

முதலில் ஐந்து சொற்கள்

1. அதிர்வெண்: ஒரு பொருள் நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற எண்ணிக்கை. அலகு ஹெர்ட்ஸ். கருவிகளைச் சேர்ப்பதற்கு உலகெங்கும் அடையாளமாக வைத்திருக்கும் 'ஏ' சுரம் 440 ஹெர்ட்ஸ். 1939இல் லண்டனில் கூடிய மாநாடு இந்த எண்ணைப் பரிந்துரைத்தது. பின்னர் அது சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓவின் தரமாகவும் ஆனது.

2. சுருதி: அந்த அதிர்வைக் காது உணர்கிற உயரம். அதிர்வெண் கூடினால் சுருதி ஏறும். (நம் இசையில் இந்தச் சொல்லுக்கு வேறு பொருள்களும் உண்டு. இங்கே உயரம் என்ற பொருளில் மட்டும்.)

3. இடைவெளி: இரண்டு சுருதிகளுக்கு நடுவே உள்ள தூரம். இதைக் கழித்துக் கண்டுபிடிக்க முடியாது. வகுத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

4. ஆக்டேவ்: மேலே உள்ள சுரத்தின் அதிர்வெண், கீழே உள்ளதைப் போல் சரியாக இரண்டு மடங்காக இருக்கும் இடைவெளி.

5. ஸ்தாயி: ஒரு ஆக்டேவ் அகலமுள்ள சுரப் பகுதி. நடுவில் இருப்பது மத்திய ஸ்தாயி, அதற்குக் கீழே மந்தரம், மேலே தாரம். தமிழிசை நூல்களில் இவற்றுக்கு முறையே சமன், மெலிவு, வலிவு என்று பெயர்.

நாலாவதையும் ஐந்தாவதையும் ஒன்றாகவே எழுதுவது வழக்கமாகிவிட்டது. பாதி இடங்களில் அதனால் நஷ்டமில்லை. ஆனால் ஆக்டேவ் என்பது தூரம், ஸ்தாயி என்பது இடம். ரிஷபத்திலிருந்து (ரி) மேல் ரிஷபம் வரை போனாலும் ஒரு ஆக்டேவ்தான். அந்தப் பயணம் இரண்டு ஸ்தாயிகளில் கால் வைக்கிறது. இந்த வித்தியாசம் எங்கே கடிக்கும் என்பது கடைசியில் தெரியும்.

கூட்டினால் வராது, பெருக்க வேண்டும்

கணக்குக்கு வசதியாக நடு சட்ஜத்தை (ச) 240 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். மேல் சட்ஜம் 480. அதற்கும் மேலே உள்ள சட்ஜம் 720 என்று பலர் சொல்லிவிடுவார்கள், 240 ஏறினால் ஒரு ஆக்டேவ் என்ற கணக்கில். தப்பு. அடுத்த சட்ஜம் 960. 720இல் இருப்பது பஞ்சமம் (ப).

கீழே போனாலும் இதே கதைதான். 240க்கு ஒரு ஆக்டேவ் கீழே 120, அதற்கும் கீழே 60. எண்ணிக்கையில் பார்த்தால் 60க்கும் 120க்கும் வித்தியாசம் 60தான். 480க்கும் 960க்கும் வித்தியாசம் 480. காதுக்கு இரண்டும் ஒரே அளவு ஏற்றம். காது கேட்பது மடங்கை.

பியானோவில் இது கண்ணுக்கே தெரியும். அதன் இடது கோடிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ். அங்கிருந்து இரட்டித்துக்கொண்டே போனால் 55, 110, 220, 440, 880, 1760, 3520. ஏழு முறை இரட்டித்தாயிற்று, ஏழு ஆக்டேவ் முடிந்தது. அதற்கு மேல் மூன்று அரைச்சுரங்கள், அதாவது கறுப்பும் வெள்ளையுமாக அடுத்தடுத்த மூன்று கட்டைகள் ஏறினால் 4186 ஹெர்ட்ஸில் கடைசிக் கட்டை. முதல் ஆக்டேவுக்கு 27.5 ஹெர்ட்ஸ்தான் செலவு, ஏழாவதற்கு 1760. கட்டைப் பலகையிலோ இரண்டுக்கும் ஒரே அகலம்.

மனிதக் காது 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. இதுவும் சுமார் பத்து ஆக்டேவ்தான். அதில் 10,000க்கும் 20,000க்கும் நடுவே உள்ள பாதி ஹெர்ட்ஸ் முழுவதும் கடைசி ஒரு ஆக்டேவுக்குள் அடங்கிவிடுகிறது. அங்கே இசை என்று பெரிதாக எதுவும் நடப்பதும் இல்லை. 4000, 5000 ஹெர்ட்ஸைத் தாண்டினாலே மெட்டை அடையாளம் காணும் திறன் காதுக்கு மங்கத் தொடங்கிவிடும்; பியானோ அந்த எல்லையிலேயே நின்றுகொள்வதில் அர்த்தம் இருக்கிறது. கண்ணோடு ஒப்பிட்டால் காது பெரிய ஆள். சிவப்பிலிருந்து ஊதா வரை நாம் பார்க்கிற ஒளியின் அதிர்வெண் ஏறக்குறைய ஒரே ஒரு முறைதான் இரட்டிக்கிறது.

அப்படியானால் எட்டு எங்கிருந்து வந்தது?

எண்ணுகிற முறையிலிருந்து. ச, ரி, க, ம, ப, த, நி, அப்புறம் மேல் ச. புறப்பட்ட சுரத்தையும் போய்ச் சேர்ந்த சுரத்தையும் சேர்த்து எண்ணினால் எட்டு. மேல்நாட்டு இசையில் இடைவெளிகளுக்குப் பெயர் வைத்தவர்கள் இரண்டு முனைகளையும் எண்ணினார்கள். ஹிந்துஸ்தானி இசையில் இதே பகுதிக்கு 'சப்தக்' என்று பெயர், அதாவது ஏழு. அவர்கள் மேல் சட்ஜத்தை அடுத்த வீட்டுக்காரர் என்று கருதிவிட்டார்கள். தூரம் அதேதான், ஒருவருக்கு எட்டு, இன்னொருவருக்கு ஏழு. வேலி போடும்போது கம்பங்களை எண்ணுவதா, கம்பங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை எண்ணுவதா என்கிற பழைய சிக்கல்தான் இது.

இரு முனைகளையும் எண்ணும் முறையால் கணக்கு விசித்திரமாகப் போகும்:

1. ச முதல் ப வரை 'ஐந்தாவது'. ப முதல் மேல் ச வரை 'நான்காவது'. இரண்டையும் சேர்த்தால் ஒன்பது வர வேண்டும், வருவது 'எட்டாவது'. நடுவில் உள்ள பஞ்சமத்தை இரண்டு தரம் எண்ணியதால் வந்த வினை.

2. இரண்டு ஆக்டேவ் சேர்ந்தால் பதினாறு இல்லை, 'பதினைந்தாவது'. மேல்நாட்டு இசைக்குறிப்பில் இரண்டு ஆக்டேவ் தள்ளி வாசிக்கச் சொல்லும் இடத்தில் 15 என்றுதான் போட்டிருக்கும்.

3. விகிதத்தில் போட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ச–ப விகிதம் 3/2. ப–மேல் ச விகிதம் 4/3. பெருக்கினால் 2. முடிந்தது.

கீபோர்டின் 61ஆவது கட்டையும் இதே ரகம். ஆக்டேவுக்குப் பன்னிரண்டு வீதம் ஐந்து ஆக்டேவுக்கு 60. கடைசி ஆக்டேவை மூட மேல் சுரம் ஒன்று வேண்டுமே, அதற்கு ஒன்று.

கட்டைக் கணக்கிலும் இது ஒளிந்திருக்கிறது. ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை 'சி' தொடங்கி ஒன்று, இரண்டு என்று எண்ணினால் ஐந்து கட்டை என்பது 'ஜி', ஏழு கட்டை என்பது 'பி'. எட்டாவது கட்டை? மறுபடியும் 'சி'. உச்சக் குரலைப் புகழ "எட்டுக் கட்டை" என்கிறோம். கறாராகப் பார்த்தால் அது ஒரு கட்டையின் மேல் ஆக்டேவ்.

ஒரு தந்தியை நடுவில் தொட்டால்

ஆக்டேவ் எதனால் உண்டாகிறது என்பதைக் கையால் பார்க்கத் தந்திக் கருவிதான் நல்லது. 64 சென்டிமீட்டர் நீளத் தந்தி ஒன்று, மீட்டினால் 240 ஹெர்ட்ஸ் என்று கொள்வோம். அதைச் சரியாக 32ஆவது சென்டிமீட்டரில் அழுத்தி மீட்டினால் 480. நீளம் பாதி, அதிர்வெண் இரண்டு மடங்கு. மிச்சமுள்ள 32இல் பாதியாக 16 சென்டிமீட்டரை மட்டும் விட்டு மீட்டினால் 960. முதல் ஆக்டேவ் 32 சென்டிமீட்டரைச் சாப்பிட்டது, இரண்டாவது 16ஐ மட்டுமே.

வீணையின் மெட்டுகளும் கிட்டாரின் பிரெட்களும் மேலே போகப் போக நெருங்கிக்கொண்டே போவது இதனால்தான். இதே 64 சென்டிமீட்டர் தந்தியில் முதல் மெட்டு சுமார் 3.6 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். பன்னிரண்டாவது மெட்டு சரியாக நடுவில். பதின்மூன்றாவது அதிலிருந்து 1.8 சென்டிமீட்டர்தான் தள்ளி, அதாவது முதல் இடைவெளியில் பாதி. வீணையில் 24 மெட்டுகள் இருப்பதும் தற்செயல் இல்லை. ஒரு தந்திக்கு இரண்டு ஆக்டேவ் என்ற கணக்கு.

இப்போது தந்தியை அழுத்தாமல், நடுவில் விரலைப் பூப்போல வைத்து மீட்டிவிட்டு உடனே எடுத்துவிட வேண்டும். மணி அடித்தாற்போல ஒரு மெல்லிய ஒலி வரும். அதுவும் மேல் ஆக்டேவ்தான். முக்கியமான விஷயம் இங்கே இருக்கிறது. விரலை எடுத்த பின் தந்தி முழு நீளத்துக்கும் சுதந்திரமாக அதிர்கிறது. நீளத்தை யாரும் பாதியாக்கவில்லை. பிறகு மேல் சுரம் எங்கிருந்து வந்தது?

அது முதலிலிருந்தே உள்ளே இருந்தது. மீட்டிய தந்தி ஒரே விதமாக அதிர்வதில்லை. முழு நீளமாக அதிரும். அதே சமயம் இரண்டு பாதிகளாகவும், மூன்று பகுதிகளாகவும், நான்கு பகுதிகளாகவும் அதிரும். 240 ஹெர்ட்ஸ் தந்தியில் 240, 480, 720, 960, 1200, 1440 எல்லாம் ஒன்றாக ஒலிக்கின்றன. முதலாவது அடிப்படை அதிர்வெண், மற்றவை மேற்சுரங்கள். நடுவில் தொட்டால், நடுப்புள்ளி அசைய வேண்டிய அதிர்வுகள் எல்லாம் அடங்கிப்போகும்: 240, 720, 1200. நடுப்புள்ளி அசையாமல் இருப்பவை மட்டும் பிழைக்கும்: 480, 960, 1440. இந்த வரிசையைத் தனியாகப் பார்த்தால், 480 ஹெர்ட்ஸ் தந்தி ஒன்றின் முழு வரிசை அது.

நீளத்தைத் தொடாமலும் ஆக்டேவ் ஏற்றலாம். இழுவிசையை நான்கு மடங்காக்க வேண்டும். இரண்டு மடங்கு போதாது, அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைத்தான் பின்பற்றும். தந்தியின் கனத்தை மாற்றுவது இன்னொரு வழி. கிட்டாரின் ஆறு தந்திகளும் ஒரே நீளம். தடித்த தந்தி 82.4 ஹெர்ட்ஸிலும் மெலிந்தது 329.6 ஹெர்ட்ஸிலும் ஒலிக்கின்றன: நான்கு மடங்கு, இரண்டு ஆக்டேவ்.

குழாயில் காற்று அந்த வேலையைச் செய்கிறது. புல்லாங்குழலில் விரல்களை அப்படியே வைத்துக்கொண்டு கூர்மையாக ஊதினால் சுரம் ஒரு ஆக்டேவ் தாவும். கிளாரினெட்டில் அதே தந்திரம் பலிக்காது. அதன் குழாய் ஒரு முனை மூடியது போல நடந்துகொள்வதால் 2 மடங்கைத் தாண்டி 3 மடங்குக்குப் போய்விடுகிறது. கிளாரினெட் கற்பவர்கள் கீழ் வரிசைக்கு ஒரு விரலமைப்பு, மேல் வரிசைக்கு இன்னொன்று என்று மனப்பாடம் செய்ய வேண்டியிருப்பது இந்த ஒரே காரணத்தால்தான்.

"அதே சுரம்தான்" என்று காது ஏன் சொல்கிறது?

ஆக்டேவின் புதிர் இதுதான். 240க்கும் 480க்கும் இடையே பெரிய தூரம். பக்கத்திலேயே உள்ள 255ஐ அந்நியம் என்று ஒதுக்குகிற காது, அவ்வளவு தள்ளி இருக்கும் 480ஐ "இதுவும் சட்ஜம்தான்" என்று ஒப்புக்கொள்கிறது. ஒரு ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரே பாட்டைப் பாடும்போது பெரும்பாலும் ஒரு ஆக்டேவ் இடைவெளியில்தான் பாடுகிறார்கள். கேட்பவர்கள் யாரும் "இரண்டு வெவ்வேறு சுரம் பாடுகிறார்கள்" என்று சொல்வதில்லை.

காரணத்தைப் பட்டியலாகப் போட்டால் எளிது. நடு சட்ஜம் எழுப்பும் வரிசை 240, 480, 720, 960, 1200, 1440. அதனுடன் இன்னொரு சுரம் சேரும்போது:

1. மேல் சட்ஜம் (480): அதன் வரிசை 480, 960, 1440. ஒவ்வொன்றும் ஏற்கெனவே கீழ் சட்ஜத்துக்குள் இருக்கிறது. புதிதாக எதுவும் வரவில்லை.

2. பஞ்சமம் (360): 360, 720, 1080, 1440. இரண்டில் ஒன்று பொருந்துகிறது. இனிமைதான், ஆனால் வேறு ஆள் என்று தெரிகிறது.

3. மத்தியமம், அதாவது ம (320): 320, 640, 960. மூன்றில் ஒன்று.

4. 255 ஹெர்ட்ஸ்: 255, 510, 765. எதுவும் பொருந்தவில்லை. அதைவிட மோசம், பக்கத்தில் உள்ளவற்றோடு உரசிக்கொண்டு கரகரக்கிறது.

ஆக்டேவைச் சேர்ப்பதால் கீழ்ச் சுரத்தின் நிறம் சற்றுப் பிரகாசமாகிறது, அவ்வளவே. ஹார்மோனியத்தில் கப்ளர் போட்டு வாசிக்கும்போது ஒரு கட்டை அழுத்தினால் அதன் ஆக்டேவும் சேர்ந்து ஒலிக்கும். கேட்பவருக்கு ஒலி கனத்துவிட்டது என்று தோன்றுமே தவிர, இரண்டாவது சுரம் ஒன்று வந்தது என்று தோன்றாது.

ஆகவே ஒரு சுரத்துக்கு இரண்டு முகவரிகள் உண்டு. எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஒன்று. ச-வா, ரி-யா, ப-வா என்கிற அடையாளம் இன்னொன்று. உயரம் நேர்கோட்டில் ஏறிக்கொண்டே போகும். அடையாளமோ ஒவ்வொரு இரட்டிப்பிலும் சுற்றி வந்து பழைய இடத்தில் நிற்கும். ஸ்வரங்களுக்கு ஏழே எழுத்து போதும் என்று நாம் நிம்மதியாக இருப்பது இந்தச் சுற்றை நம்பித்தான்.

ஒரு ஆக்டேவுக்குள் பன்னிரண்டு

ஆக்டேவ் இயற்கை தந்தது. அதற்குள் எத்தனை படி என்பது மனிதர்கள் முடிவு செய்தது. ஐந்து படி போதும் என்றவர்கள் உண்டு, ஏழு வைத்தவர்கள் உண்டு, 22 சுருதி என்று நுணுக்கமாகப் பேசியவர்கள் நாம். பன்னிரண்டு ஏன் இத்தனை பரவலானது என்றால், பஞ்சமத்தால்.

சட்ஜத்திலிருந்து ஒரு பஞ்சமம் ஏறி, அங்கிருந்து இன்னொரு பஞ்சமம், இப்படியே பன்னிரண்டு தரம் 3/2ஆல் பெருக்கினால் 129.75 மடங்கு வரும். ஏழு ஆக்டேவ் என்பது 2ஐ ஏழு தரம் பெருக்கியது, 128. கிட்டத்தட்ட ஒன்றுதான்! பன்னிரண்டு பஞ்சமங்கள் ஏறியதும் மறுபடி சட்ஜத்தின் வாசலுக்கு வந்துவிடுகிறோம். வழியில் சந்தித்த பன்னிரண்டு சுரங்களை ஒரே ஆக்டேவுக்குள் இறக்கிக்கொண்டால் பன்னிரண்டு வீடுகள் கிடைத்துவிடும்.

ஆனால் கிட்டத்தட்ட மட்டும்தான். 129.75 வேறு, 128 வேறு. இந்தச் சின்ன மிச்சத்துக்குப் பிதாகரஸ் கமா என்று பெயர். மூன்றை எத்தனை தரம் பெருக்கினாலும் ஒற்றைப்படை, இரண்டை எத்தனை தரம் பெருக்கினாலும் இரட்டைப்படை. எனவே பஞ்சமங்களின் பயணமும் ஆக்டேவ்களின் பயணமும் எந்தக் காலத்திலும் ஒரே புள்ளியில் சந்திக்கா. கருவிகளைச் சுருதி சேர்ப்பவர்களுக்கு நூற்றாண்டுக்கணக்கில் தலைவலி கொடுத்தது இந்த மிச்சம்தான்.

இன்றைய பியானோவும் கீபோர்டும் கடைப்பிடிக்கிற தீர்வு சமரசம்: ஆக்டேவைப் பன்னிரண்டு சம விகிதங்களாக வெட்டுவது. எந்த எண்ணைப் பன்னிரண்டு தரம் பெருக்கினால் 2 வருமோ அது ஒரு படி, 1.05946. சீன இளவரசர் ஜூ ஜாய்யூ 1584இலேயே இந்தக் கணக்கைப் போட்டுவிட்டார். 1880களில் ஆங்கிலேய அறிஞர் அலெக்சாண்டர் எல்லிஸ் ஒவ்வொரு படியையும் இன்னும் நூறாக நறுக்கி 'சென்ட்' என்ற அலகைத் தந்தார். ஒரு ஆக்டேவ் 1200 சென்ட். சுருதி சேர்க்க உதவும் செயலிகளில் முள் இரண்டு பக்கமும் ஆடுவது இந்த சென்ட் கணக்கில்தான்.

சமரசத்துக்கு விலை உண்டு. பஞ்சமம் 1.5க்குப் பதிலாக 1.4983, சுமார் 2 சென்ட் குறைவு, காது மன்னித்துவிடும். அந்தர காந்தாரம் (இரண்டு 'க'க்களில் மேலே இருப்பது) 1.25க்குப் பதிலாக 1.26, சுமார் 14 சென்ட் அதிகம். தம்பூராவின் முன் உட்கார்ந்தால் இது உறுத்தும். இத்தனை விட்டுக்கொடுப்பிலும் யாரும் கைவைக்காதது ஆக்டேவ் ஒன்றில்தான். சம வெட்டில் சுத்தமாக மிஞ்சிய ஒரே இடைவெளி அது.

காது சறுக்கும் இடங்கள்

ஆக்டேவ் சுரங்கள் இவ்வளவு ஒத்திருப்பதால் ஏமாறவும் இடம் உண்டு. குரலின் சுருதியைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் அடிக்கடி செய்கிற பிழை ஒரு ஆக்டேவ் மேலே அல்லது கீழே சொல்லிவிடுவது. மனிதர்களும் விதிவிலக்கில்லை. சுரத்தைச் சரியாகச் சொல்லிவிட்டு, எந்த ஸ்தாயி என்பதில் தடுமாறுபவர்கள் தேர்ந்த இசைக்கலைஞர்களிலும் உண்டு.

அமெரிக்க உளவியலாளர் ரோஜர் ஷெப்பர்ட் 1964இல் இந்தப் பலவீனத்தை வைத்து ஒரு வேடிக்கை காட்டினார். ஒவ்வொரு சுரத்தையும் பல ஆக்டேவ்களில் ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டு, நடுவில் உள்ளவற்றைச் சத்தமாகவும் ஓரங்களில் உள்ளவற்றைத் தேய்ந்தும் அமைத்தார். இப்படிப்பட்ட சுரங்களை வரிசையாக ஏற்றினால் சுருதி ஏறிக்கொண்டே இருப்பதாகத் தோன்றும். ஆனால் பன்னிரண்டு படி முடிந்ததும் புறப்பட்ட ஒலியே திரும்ப வந்திருக்கும். மேலே உள்ளது சத்தமில்லாமல் மறைய, கீழே புதிது ஒன்று சத்தமில்லாமல் நுழைந்திருக்கும். ஏறிக்கொண்டே இருந்தும் எங்கும் போகவில்லை. அடையாளம் சுற்றுகிறது, உயரம் வேறு என்று மேலே சொன்னதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இரண்டு சரியாக இரண்டாக இல்லாதபோது

இதுவரை 2:1 என்று அடித்துச் சொன்னதில் ஒரு திருத்தம் இருக்கிறது. நல்ல பியானோ ஒன்றை அளந்து பார்த்தால் அதன் ஆக்டேவ்கள் 2ஐவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். சேர்த்தவருக்குக் காது சரியில்லை என்று பொருள் அல்ல. காது சரியாக இருப்பதால்தான் அப்படி.

எஃகுத் தந்திக்கு விறைப்பு உண்டு. அதனால் மேற்சுரங்கள் சரியான மடங்கில் விழாமல் சற்று மேலே விழுகின்றன. சுருதி சேர்ப்பவர் ஆக்டேவைச் சேர்க்கும்போது கீழ்ச் சுரத்தின் மேற்சுரத்தோடு மேல் சுரத்தை ஒட்டவைக்கிறார். இரண்டும் ஒட்டாவிட்டால் ஒலி அலைபோல ஏறி இறங்கும். 200 ஹெர்ட்ஸோடு 401 ஹெர்ட்ஸை வைத்தால் 400க்கும் 401க்கும் நடுவே நொடிக்கு ஒரு துடிப்பு கேட்கும். அந்தத் துடிப்பு அடங்கும் வரை திருகுகிறார். கீழ்த் தந்தியின் மேற்சுரம் ஏற்கெனவே கொஞ்சம் மேலே இருப்பதால் ஆக்டேவும் அதற்கேற்ப விரிகிறது. சின்னப் பியானோவில் தந்தி குட்டையாகவும் விறைப்பாகவும் இருப்பதால் விரிவு அதிகம். பெரிய கிராண்டில் குறைவு. செயலியில் முள்ளைப் பார்த்து ஒவ்வொரு கட்டையையும் கணக்குப்படி 2:1க்கு வைத்தால், உச்சிச் சுரங்கள் இறங்கிப்போனது போலக் கேட்கும்.

உலோகக் கட்டைகளும் கோங்குகளும் கொண்ட இந்தோனேசிய கமலான் குழுக்களிலும் ஆக்டேவ் 2:1லிருந்து வேண்டுமென்றே விலகியிருப்பதுண்டு. இன்னும் ஒரு படி மேலே போய், ஆக்டேவே வேண்டாம், 3:1ஐ அடிப்படையாக வைத்துப் பதின்மூன்று படிகளாக வெட்டுவோம் என்று 1970களில் கிளம்பியது போலன்–பியர்ஸ் முறை. வேலை செய்கிறது, விசித்திரமாக இருக்கிறது, பரவவில்லை.

எல்லோருக்கும் இது கேட்கிறதா?

ஆக்டேவ் ஒற்றுமை பிறவியிலேயே வருகிறதா, பழக்கத்தில் வருகிறதா என்ற வாதம் முடிந்தபாடில்லை. 2000இல் வெளியான ஆய்வில் ரீசஸ் குரங்குகள், ஒரு மெட்டை ஒன்று அல்லது இரண்டு ஆக்டேவ் தள்ளி வாசித்தபோது அதே மெட்டு என்று எடுத்துக்கொண்டன. அரை ஆக்டேவ் தள்ளியபோது அப்படிச் செய்யவில்லை. இது பிறவிக் கட்சிக்கு வலு.

2019இல் வந்த இன்னொரு ஆய்வு எதிர்ப்பக்கம் சாய்கிறது. பொலிவியாவின் காட்டுப்பகுதியில் வாழும் சிமானே மக்களுக்குக் குரல் எட்டாத உயரத்தில் சுரங்களை ஒலித்துக் காட்டி, தங்கள் குரலில் திருப்பிப் பாடச் சொன்னார்கள். அமெரிக்கர்கள் இதைச் செய்தபோது பெரும்பாலும் சரியாக ஆக்டேவ் கணக்கில் இறங்கி அதே சுரத்தைப் பிடித்தார்கள். சிமானே மக்கள் ஏற்ற இறக்கத்தைச் சரியாகப் பாடினார்கள். ஆனால் அதே சுரத்தில் போய் நிற்கவில்லை. மடங்குக் கணக்கில் கேட்பது அவர்களுக்கும் இருந்தது, ஆக்டேவ் தள்ளினால் அதே சுரம் என்பது இல்லை. கூட்டாகப் பாடும் வழக்கம் அவர்களிடம் அரிது. ஆணும் பெண்ணும் குழந்தையும் சேர்ந்து ஒரே பாட்டைப் பாடிப் பழகும்போதுதான் இந்த ஒற்றுமை காதில் உறைக்கிறது என்ற விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மேற்சுரப் பட்டியல் அதற்கு வாசலைத் திறந்து வைக்கிறது. உள்ளே போவது பழக்கத்தால்.

"மூன்று ஸ்தாயி", "நான்கு ஆக்டேவ்": எப்படிப் படிப்பது?

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். ஒரு கட்டை சுருதியில், அதாவது 'சி'-யில் பாடும் ஆண் பாடகரை எடுத்துக்கொள்வோம். அவருடைய நடு சட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். கச்சேரியில் கீழே மந்தர பஞ்சமம் வரை இறங்குகிறார்: 98 ஹெர்ட்ஸ். மேலே தார பஞ்சமம் வரை ஏறுகிறார்: 392 ஹெர்ட்ஸ். மந்தரம், மத்தியம், தாரம் என்று மூன்று ஸ்தாயியையும் தொட்டாயிற்று, விமர்சகர் எழுதியது பொய்யில்லை. ஆனால் 98லிருந்து 392 நான்கு மடங்கு. அதாவது இரண்டு ஆக்டேவ்.

மூன்று ஸ்தாயியையும் முழுதாகப் பாட வேண்டுமென்றால் இதே பாடகர் 65 ஹெர்ட்ஸில் உள்ள மந்தர சட்ஜத்திலிருந்து 523 ஹெர்ட்ஸ் வரை போக வேண்டும். கீழ் முனை பெரும்பாலான ஆண் குரல்களுக்கு எட்டாத ஆழம்.

"நான்கு ஆக்டேவ்" என்ற வரியைப் பார்க்கும்போது போட வேண்டிய கணக்கு, 2ஐ நான்கு தரம் பெருக்குவது: 16 மடங்கு. 80 ஹெர்ட்ஸில் தொடங்கினால் 1280 ஹெர்ட்ஸில் முடிய வேண்டும். ஓபராவில் மிக உயர்ந்த பெண் குரலான சொப்ரானோக்களின் புகழ்பெற்ற மேல் 'சி'கூட 1047 ஹெர்ட்ஸ்தான். எனவே இப்படிச் சொல்லப்படும் எண்களில், தொண்டையில் கரகரவென்று உருளும் அடிக்குரலும், விசில் போல் கிறீச்சிடும் உச்சக்குரலும் சேர்த்து எண்ணப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். பாட்டுக்குப் பயன்படும் பகுதி அதில் பாதி இருந்தாலே பெரிய குரல். எந்தச் சுரத்திலிருந்து எந்தச் சுரம் வரை என்று சொல்லாமல் ஆக்டேவ் எண்ணிக்கையை மட்டும் சொல்கிற செய்தியில் சரிபார்க்க எதுவுமே இல்லை. இரண்டு முனைகளையும் ஹெர்ட்ஸில் கொடுத்திருந்தால், சின்னதைப் பெரிது எட்டும் வரை இரட்டித்துக்கொண்டே போய் விரல்விட்டு எண்ணிக்கொள்ளலாம்.